கண் போகும் திசை: கடற்கரைப் படப்பிடிப்பில் பார்வைத் திசையும் படத்தொகுப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் காட்சிகளைத் தொகுப்பதற்காக என்னிடம் கொண்டுவருகிறார்கள். கதை நன்றாக இருக்கும். முகங்கள் அபாரமாக இருக்கும். ஆனால் ஷாட்டுகளை அடுக்கிப் பார்த்தால் யார் யாரைப் பார்க்கிறார், படகு வருகிறதா போகிறதா என்றே பிடிபடாது. பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்: நடிகர்களின் கண் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பார்வைத் திசைக்கும் படத்தொகுப்புக்கும் என்ன உறவு?

ஒரு ஷாட்டில் ஒருவர் சட்டத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு, வெளியே எதையோ பார்க்கிறார். பார்க்கும் நமக்கு உடனே ஒரு கேள்வி எழுகிறது: அங்கே என்ன இருக்கிறது? அடுத்த ஷாட்டில் எது வந்தாலும் அதைத்தான் அவர் பார்த்தார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு ஷாட்டுகளும் வேறு வேறு நாளில், வேறு வேறு ஊரில் எடுக்கப்பட்டிருக்கலாம். கண்தான் இரண்டையும் தைத்துவிடுகிறது. மனிதக் கண்ணில் விழிக்கருப்பைச் சுற்றி வெள்ளை நன்றாகத் தெரிவதால், சிறிய அசைவுகூடத் தூரத்திலிருந்தே புலப்படும். பேச்சு வராத கைக்குழந்தையே தாய் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் தொகுப்பாளர் வேலை செய்கிறார்.

இருவர் பேசும் காட்சியில் கணக்கு எளிது. ஒருவர் சட்டத்தின் வலப்பக்கம் பார்த்தால் மற்றவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் எதிரெதிரே இருப்பதாகத் தோன்றும். இருவரும் ஒரே பக்கம் பார்த்தால், இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆள் ஒருவரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படப்பிடிப்பில் ‘ரைட் லுக்’, ‘லெஃப்ட் லுக்’ என்று சொல்வது கேமராவின் வலது இடதைத்தான். நடிகரின் வலக்கைப் பக்கம் கேமராவுக்கு இடப்பக்கம். இதைத் தெளிவாகப் பேசிக்கொள்ளாத குழுக்களில் பாதிப் பிழைகள் இங்கேயே பிறக்கின்றன.

வீட்டுக்குள் எடுத்த காட்சியில் இவ்வளவு குழப்பம் வரவில்லையே, கடற்கரையில் மட்டும் ஏன்?

வீட்டுக்குள் சுவர் இருக்கிறது, சன்னல் இருக்கிறது, காலண்டர் தொங்குகிறது. ஒருவர் பின்னால் சன்னலும் மற்றவர் பின்னால் கதவும் தெரிந்தால், பார்வை சற்றுப் பிசகினாலும் பார்வையாளர் அந்த அறையை மனத்துக்குள் கட்டிக்கொள்வார்.

பாம்பன் தீவின் முனையான அரிச்சல்முனைக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். முனையை நோக்கி நின்றால் இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூரில் முதலாவதைப் பெண்கடல் என்றும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அலையைப் பார்த்தே இது எந்தக் கடல் என்று சொல்லிவிடுவார்கள் ஊர்க்காரர்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நீலக்கோடு. மேலே வானம், கீழே மணல், நடுவில் ஒரு கோடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவேதான். இப்படிப்பட்ட இடத்தில் திசை காட்டுவதற்கு நடிகரின் கண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே காட்சி எடுப்பவர்களிடம் நான் சொல்வது, முதல் வைடு ஷாட்டிலேயே அந்தச் சுவரையும் பாத்திரங்களையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள் என்பதுதான். பிறகு ஒருவர் சுவர்ப்பக்கம் பார்க்கிறார், மற்றவர் கடற்பக்கம் பார்க்கிறார் என்று பார்வையாளருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அழகுக்காக மட்டும் அந்த இடிபாட்டைக் கடைசியில் தனி ஷாட்டாகச் செருகுபவர்கள், கையில் கிடைத்த திசைகாட்டியை வீணாக்குகிறார்கள்.

கணவனின் படகு கரைக்கு வருவதாக எடுத்தோம். தொகுத்துப் பார்த்தால் படகு விலகிப்போவதுபோல் இருக்கிறது. எப்படி நேர்ந்தது?

இது எனக்கே நேர்ந்த பிழை. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கரையில் காத்திருக்கும் மனைவியை பாம்பனின் வடகரையில் ஒரு காலையில் எடுத்தோம். குளோசப்பில் அவர் சட்டத்தின் வலப்பக்கம் பார்த்தார். அவர் கண்கள் எதையோ தேடிக் கண்டுபிடித்து மெல்லத் தளரும் அந்தக் கணம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. படகை மறுநாள் தென்கரையில் எடுத்தோம். நாட்டுப்படகு ஒன்று, சட்டத்தின் இடமிருந்து வலமாக, வெயிலில் மின்னும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டும் நல்ல ஷாட்டுகள். ஒட்டிப் பார்த்தேன். மனைவி வலப்பக்கம் பார்க்கிறார், படகும் வலப்பக்கம் போகிறது. அதாவது அவர் பார்வை போகும் அதே திசையில் படகும் போகிறது. அவரை விட்டு விலகிப் போகிறது. மீனவர் தெருவில் திரையிட்டபோது ஒரு பாட்டி கேட்டார்: “வந்தவர் ஏன் கரையேறாமல் திரும்பிப் போகிறார்?”

வலப்பக்கம் பார்ப்பவரை நோக்கி வரும் பொருள் வலமிருந்து இடமாக வர வேண்டும். அது ஒன்றுதான் விதி. ஆனால் இந்த ஊரில் அதற்கு ஒரு கூடுதல் பொறி இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே வரும் ஒரு படகை வடகரையில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் வலமிருந்து இடமாக வரும். மேற்கே போகும் படகையே தென்கரையில் நின்று எடுத்தால் இடமிருந்து வலமாகத் தெரியும். பாம்பன் தீவின் இரு கரைகளும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. காற்று ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறது, மறுபக்கம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், போகலாம். ஆனால் படகு வரும் பக்கத்தைத் தாளில் குறித்துக்கொண்டு, புதுக் கரையில் படகை எதிர்த்திசையில் ஓட்டச் சொல்ல வேண்டும்.

அந்தக் காட்சியைக் காப்பாற்றியது எங்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த இன்னொரு ஷாட். படகின் அணியம், அதாவது முன்பகுதி, நேராக கேமராவை நோக்கி வருகிறது. அதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை. மனைவியின் முகத்துக்குப் பிறகு அந்த நேர் ஷாட்டை வைத்தேன். படகு வருகிறது என்பது ஐயமில்லாமல் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு இடமிருந்து வலமாகப் போகும் ஷாட்டைப் போட்டபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, கடலில் எதை எடுத்தாலும் நேராக கேமராவை நோக்கி வரும் ஒரு ஷாட்டும், நேராக விலகிப் போகும் ஒரு ஷாட்டும் எடுத்துவிடச் சொல்கிறேன். பத்து நிமிட வேலை.

ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டால் போதாதா? மென்பொருளில் ஒரு சொடுக்குதானே?

சில நேரம் போதும். வெறும் கடல், வெறும் வானம், பறவைக் கூட்டம் என்றால் தாராளமாகத் திருப்பலாம். படகைத் திருப்பினால் அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணும் பெயரும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஆகிவிடும். பெண்ணைத் திருப்பினால் இடத்தோளில் இருந்த முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். ஆணின் சட்டைப்பை வலப்பக்கம் வந்துவிடும். முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த ஷாட்டிலும் வகிடு மாறிவிடும்; முன் ஷாட்டில் அந்த முகத்தை நீண்ட நேரம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏதோ உறுத்தும், என்னவென்று சொல்லத் தெரியாது. முகத்தைத் திருப்புவதை நான் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன்.

180 பாகை விதி என்கிறார்களே, அதைக் கரைவலைக் காட்சியில் எப்படிப் பயன்படுத்துவது?

விதி இதுதான்: பார்த்துக்கொள்ளும் இருவருக்கு நடுவே ஒரு கோடு ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றால் ஒருவர் எப்போதும் வலம் பார்ப்பார், மற்றவர் எப்போதும் இடம் பார்ப்பார். கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனால் திசை புரண்டுவிடும்.

கரைவலை இழுக்கும் காட்சி இதற்கு மிகச் சிறந்த பாடம். வலையின் இரு கயிறுகளையும் இரண்டு கூட்டமாக ஆட்கள் கரையில் நின்று இழுக்கிறார்கள். இரு கூட்டத்துக்கும் நடுவே நல்ல தூரம். நேரம் ஆக ஆக இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. நடுவில் கடலைப் பார்த்து நிற்கும் சம்மாட்டி, அதாவது வலையின் உரிமையாளர், ஒரு பக்கம் பார்த்துக் குரல் கொடுக்கிறார், மறுபக்கம் பார்த்துக் கையசைக்கிறார்.

ஏறக்குறைய எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. சம்மாட்டியின் முகம் வேண்டுமென்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்து அவரை எடுப்பார்கள். இழுப்பவர்களின் பின்னால் கடலும் வலையும் தெரிய வேண்டுமென்று, கரையேறி, கடலைப் பார்த்து அவர்களை எடுப்பார்கள். இரண்டும் நியாயமான ஆசைகள். ஆனால் கூட்டத்துக்கும் சம்மாட்டிக்கும் நடுவே ஓடும் கோடு கரையோரமாகவே ஓடுகிறது. தண்ணீர் அதன் ஒரு பக்கம், மேட்டு மணல் மறுபக்கம். சம்மாட்டி தன் இடக்கைப் பக்கம் இருக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, தண்ணீரில் நிற்கும் கேமராவில் வலம் பார்க்கிறார். அந்தக் கூட்டத்தின் ஆள் திரும்பி அவரைப் பார்க்கும்போது, மணலில் நிற்கும் கேமராவில் அவரும் வலம் பார்க்கிறார். குரல் ஒருவருக்கு, பார்வை வேறு எங்கோ.

வழி இரண்டு. முதலாவது, முழுக் காட்சியையும் தண்ணீர்ப் பக்கமிருந்தோ மணற்பக்கமிருந்தோ மட்டும் எடுப்பது. நான் தண்ணீர்ப் பக்கத்தைத்தான் சொல்வேன். இழுக்கும் முகங்கள் கிடைக்கும், கயிறு கேமராவை நோக்கி வரும், பின்னால் தென்னையும் குடிசையும் தெரிவதால் இடமும் அடையாளப்படும். இரண்டாவது, இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் கோட்டின் மேலேயே நின்று ஒரு ஷாட் எடுப்பது. கடைசியில் நின்று இழுப்பவரின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து, கரை நெடுக, தூரத்தில் சிறிதாகச் சம்மாட்டி தெரியும்படி எடுங்கள். நம் ஊர்ப் படப்பிடிப்பில் சஜஷன் ஷாட் என்பார்களே, அதுதான். அதைப் பார்த்த பிறகு பார்வையாளரும் உங்களோடு கோட்டைத் தாண்டிவிடுவார்.

படகுக்குள் எடுக்கும்போது படகே திரும்புகிறதே, கோடும் திரும்பிவிடாதா?

திரும்பாது. கோடு கடலுக்குச் சொந்தமில்லை, ஆட்களுக்குச் சொந்தம். அணியத்தில் ஒருவர், அமரத்தில், அதாவது பின்பகுதியில், சுக்கான் பிடித்துக்கொண்டு ஒருவர் என்றால், கோடு படகின் நீளவாக்கில் ஓடுகிறது. படகு எப்படிச் சுற்றினாலும் நீங்கள் ஒரே விளிம்பில் உட்கார்ந்திருந்தால் பார்வை பிசகாது. நடுவில் மூன்றாவது ஆள் இருந்து இருவரிடமும் மாறி மாறிப் பேசினால், அவர் தலை திரும்புவதை வெட்டாமல் முழுதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரும்பல்தான் யாருக்கு இந்தச் சொல் என்று காட்டும். வலை எந்த விளிம்பில் இறங்கப்போகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வலை இறங்கும் பக்கம் நீங்கள் உட்கார்ந்தால் வேலை செய்பவர்களுக்கும் இடைஞ்சல், பாதியில் பக்கம் மாறவும் வேண்டிவரும்.

நடிகர் சரியான பக்கம்தான் பார்க்கிறார். ஆனாலும் அடிவானத்தைப் பார்ப்பதாக நம்ப முடியவில்லை. ஏன்?

பக்கம் மட்டும் போதாது, தூரமும் பார்வையில் தெரியும். பத்தடியில் நிற்கும் உதவி இயக்குநரைப் பார்க்கும் கண்கள் சற்று உள்நோக்கிக் குவிந்திருக்கும். தொலைவைப் பார்க்கும் கண்கள் ஏறக்குறைய இணையாக நிற்கும். குளோசப்பில் இந்த வேறுபாட்டை எவரும் உணர்ந்துவிடுவார்கள்.

இதற்கு இந்தக் கரையைவிட வசதியான இடம் கிடையாது. தொலைவைப் பார்க்க வேண்டுமென்றால் உண்மையிலேயே தொலைவில் இருக்கும் ஒன்றைக் காட்டுங்கள். பாம்பன் பாலம், மண்டபத்திலிருந்து தெரியும் தீவு, நங்கூரமிட்ட ஒரு விசைப்படகு, எதுவானாலும் சரி. பக்கத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அரங்கில் ஸ்டாண்டில் டேப் ஒட்டிக் காட்டுவார்கள். மணலில் ஸ்டாண்டு சாய்ந்துவிடும். மிதக்கும் வலைக்கு அடையாளமாகக் கட்டும் கொடிக்கம்பு ஒன்றை மணலில் ஊன்றி, எதிரில் நிற்கப்போகிறவரின் கண்மட்டத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். காற்றில் துணி படபடத்தால் கண்ணும் அலையும். இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. அரிச்சல்முனையில் காலை ஏழு மணிக்குக் கிழக்கே பார்ப்பவர் கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பார். அவர் எதிரில் நிற்பவரைச் சாயங்காலம் எடுத்தால், அவரும் மேற்கு வெயிலில் கண்ணைச் சுருக்குவார். இருவருக்கும் முகத்தில் வெயில் விழுகிறதென்றால் சூரியன் இரண்டு என்றாகிவிடும். ஒருவர் கண்ணைச் சுருக்கினால் எதிரில் இருப்பவர் கண் விரிந்திருக்க வேண்டும்.

ஒருவர் உயரத்திலும் ஒருவர் தாழ்விலும் இருந்தால்?

கண் ஏறவும் இறங்கவும் வேண்டும், கேமராவும் அதற்கேற்ப. மிதிலைத் தெருவில் நடக்கும் இராமனையும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையையும் நினைத்துப் பாருங்கள். அவன் அண்ணாந்து பார்த்தால்தான் மாடம் இருக்கிறது, அவள் குனிந்து பார்த்தால்தான் தெரு இருக்கிறது. இருவரையும் சமமட்டத்தில் பார்க்கவைத்துவிட்டால் மாடம் என்ற ஒன்றே காணாமல் போய்விடும்.

பாம்பனில் இது அன்றாடம் வரும் சிக்கல். 1988இல் திறந்த சாலைப் பாலம் உயரத்தில் நிற்கிறது, ரயில் பாலம் கீழே ஓடுகிறது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, மேலே தூக்கக்கூடிய பகுதி கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரலில் பயன்பாட்டுக்கு வந்தது. சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ரயிலைப் பார்க்கும் சிறுவனின் குளோசப்பைத் தரையில் எங்கோ எடுத்து, பார்வையை நேராக வைத்திருப்பார்கள். அடுத்த ஷாட்டில் மேலிருந்து தெரியும் ரயில். பொருந்தாது. சிறுவனின் கண் கீழே இருக்க வேண்டும், ரயில் நகர நகரக் கண்ணும் கூடவே நகர வேண்டும். ரயில் இடமிருந்து வலம் போனால் கண்ணும் இடமிருந்து வலம், அதே நிதானத்தில். ஓடாத ரயிலை நடிகர் கற்பனையில் பார்க்க வேண்டிவந்தால், கேமராவுக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் மெல்லப் போகட்டும்.

சரியாக எந்த இடத்தில் வெட்ட வேண்டும்?

கண் நகர்ந்து முடிந்து, ஒன்றின்மேல் நிலைகொண்ட பிறகு. கண் நகரும்போதே வெட்டினால் பார்வையாளர் தேடத் தொடங்குவதற்குள் விடை வந்துவிடுகிறது. ரொம்ப நேரம் விட்டால் அவரே பொறுமையிழந்துவிடுகிறார். நொடிக்கு 24 பிரேம் கணக்கில், கண் நிலைத்த பிறகு நான்கு முதல் எட்டு பிரேம் வரை விட்டு வெட்டுவது என் வழக்கம். காத்திருந்தவர் கண்டுகொள்ளும் கணமென்றால் இன்னும் நீளமாக விடுவேன். அந்த நேரத்தில்தான் முகத்தில் ஏதோ நடக்கிறது.

நடிகர் கண் சிமிட்டும் இடத்தையும் கவனியுங்கள். தாம் வெட்ட நினைத்த இடத்துக்கு மிக அருகில் நடிகர் கண் சிமிட்டுவதை அமெரிக்கத் தொகுப்பாளர் வால்டர் மர்ச் தம் வேலையில் கண்டு எழுதியிருக்கிறார். ஒரு நினைப்பு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நாம் கண் சிமிட்டுகிறோம் என்பது அவர் கருத்து. என் மேசையில் இது பெரும்பாலும் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் உப்புக்காற்றில் நிற்பவர் சும்மாவும் சிமிட்டுவார். அதை நினைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கைபேசியில்தான் எடுக்கிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முன்பக்க கேமராவில் எடுக்காதீர்கள். திரையில் கண்ணாடிபோல் இடவலம் மாறிக் காட்டும், பதிவில் பல கைபேசிகளில் நேராக இருக்கும். எந்தப் பக்கம் பார்க்கச் சொன்னோம் என்பதே குழம்பிவிடும்.

ஊர்மக்களை நடிக்கவைத்தால் கேமராவையே பார்த்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

பார்க்காதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் கட்டாயம் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு வேறு ஒன்றைக் கொடுங்கள். வலை சரிசெய்பவருக்கு வலை இருக்கிறது, கருவாடு காயவைப்பவருக்கு எதிரே காக்கை இருக்கிறது. பேச வேண்டிய காட்சியில் அவருக்கு உண்மையிலேயே பழக்கமான ஒருவரை எதிரே உட்காரவைத்து, சட்டத்துக்குள் வராவிட்டாலும் அவரிடமே பேசவையுங்கள். தங்கை முகத்தைப் பார்த்துப் பேசும் அக்காவின் கண்ணை எந்தக் கொடிக்கம்பாலும் கொண்டுவர முடியாது.

குழந்தைகள் கேமராவைப் பார்த்துச் சிரித்த ஷாட்டுகளை அழித்துவிடாதீர்கள். காட்சிக்குள் அவை உதவாது. ஆனால் கேமராவை அம்மாவின் கண்ணாக வைத்து, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதாகப் பின்னர் பயன்படுத்த வாய்ப்பு வரும்.

ஆவணப்படத்தில் இருவரைத் தனித்தனியாகப் பேட்டி எடுத்தோம். யாரை எந்தப் பக்கம் பார்க்கவைப்பது?

கேள்வி கேட்பவர் கேமராவை ஒட்டி உட்கார வேண்டும். அப்போது பேசுபவரின் இரு கண்களும் தெரியும். தள்ளி உட்கார்ந்தால் பக்கவாட்டு முகம்தான் கிடைக்கும்.

பக்கத்தைப் பொறுத்தவரை இது வெறும் தொழில்நுட்பம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதைப் பற்றி விசைப்படகு உரிமையாளர் ஒருவரையும் நாட்டுப்படகு மீனவர் ஒருவரையும் பேசவைக்கிறீர்கள். ஒருவரை வலப்பக்கமும் மற்றவரை இடப்பக்கமும் பார்க்கவைத்து மாறி மாறி வெட்டினால், இருவரும் நேருக்கு நேர் சண்டையிடுவதாகப் படும், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையென்றாலும். இருவரையும் ஒரே பக்கம் பார்க்கவைத்தால், இருவரும் ஒரே ஆளிடம் தத்தம் நியாயத்தைச் சொல்வதாகப் படும். அந்த ஆள் படம் பார்ப்பவர். அவர்கள் சொல்வதில் உண்மையாகவே வாதமும் மறுவாதமும் இருந்தால் முதலாவது சரி. பரபரப்புக்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த இருவரும் மறுநாளும் அதே துறையில்தான் படகு கட்டுவார்கள்.

பார்வை பொருந்தவில்லை, ஆனால் நடிப்பு பிரமாதம். எதை விடுவது?

நடிப்பை விடாதீர்கள். ஒரு வெட்டு எதையெல்லாம் நிறைவேற்ற வேண்டும் என்று வால்டர் மர்ச் ஒரு கணக்கு தந்திருக்கிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்வையாளரின் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7, திரைத்தளத்துக்கு, அதாவது தட்டையான திரையில் இடவல ஒழுங்குக்கு, 5, காட்சி நடக்கும் இடத்தின் முப்பரிமாண ஒழுங்குக்கு 4. நடிகரின் பார்வைத் திசை அந்த 5இல் அடங்குகிறது. நான்காவதாக வரும் 7ஐ நடிகரின் பார்வை என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது நம் கண்ணைப் பற்றியது: முதல் ஷாட்டின் முடிவில் நாம் திரையின் எந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ, அடுத்த ஷாட்டின் முக்கியப் பொருள் அங்கேயே இருந்தால் கண்ணுக்குச் சிரமமில்லை.

இந்த வரிசையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். கடற்கரைக்கு வரும்போது மட்டும் ஒன்று சேர்த்துச் சொல்வேன். சுவரும் கதவும் இல்லாத இடத்தில் பார்வை புரண்டால் கதையே புரண்டுவிடுகிறது. அந்தப் பாட்டிக்குக் குழம்பியது திரைத்தளம் இல்லை, கணவன் வந்தானா போனானா என்பது. ஆகவே பொருந்தாத நல்ல ஷாட்டைத் தூக்கி எறியாமல், அதற்கு முன்னால் ஒரு நேர் ஷாட்டையோ, ஒரு தலைத்திரும்பலையோ, கையையோ, கயிற்றையோ வைத்து வழிசெய்யுங்கள். ஒலியும் கைகொடுக்கும். இயந்திரச் சத்தம் முதலில் கேட்டு, பிறகு முகம் திரும்பினால், சத்தம் வந்த பக்கம்தான் படகு என்று காது முடிவு செய்துவிடும்.

இந்த விதிகளை மீறியே பெரிய இயக்குநர்கள் படம் எடுத்திருக்கிறார்களே?

ஆம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு கோட்டைத் தொடர்ந்து தாண்டினார், உரையாடலில் நடிகர்களை கேமராவை ஒட்டியே பார்க்கவைத்தார். ஆனால் அவர் படம் முழுக்க அப்படியே செய்தார். பார்வையாளர் முதல் சில நிமிடங்களிலேயே அந்த ஒழுங்குக்குப் பழகிவிடுகிறார். ஒரே ஒரு வெட்டில் மட்டும் கோடு தாண்டியிருந்தால் அது மீறல் ஆகாது, கவனக்குறைவு.

ஒரு காட்சியில் எடுத்த பார்வையை வேறொன்றைப் பார்ப்பதாகப் பயன்படுத்தலாமா?

கதைப்படத்தில் தாராளமாக. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை இதற்கு அடிப்படை. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணம், சவப்பெட்டியில் குழந்தை, ஒரு பெண் ஆகிய ஷாட்டுகளோடு தனித்தனியே ஒட்டிக் காட்டினார். முகம் மாறவே இல்லை, ஆனால் பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் ஆசையையும் அதில் கண்டதாகச் சொல்வார்கள்.

ஆவணப்படத்தில் இந்தச் சக்தியைக் கண்டு நான் அஞ்சுகிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஓர் இளைஞர் படம் எடுத்து வந்தார். அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால், அவர்கள் தொழிலுக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் இடையே இழுபறி உண்டு. விரல்களில் துணி சுற்றிய ஒரு பெண் தண்ணீரிலிருந்து தலையை உயர்த்தி, சட்டத்தின் இடப்பக்கம் மேலாகப் பார்க்கிறார். முகத்தில் கவலை. அடுத்த ஷாட்டில் ரோந்துப் படகு ஒன்று. பொருத்தம் அச்சாக இருந்தது, பார்வையின் பக்கமும் தூரமும் எல்லாமே. என் மனமும் பதறியது. படகு இவரைப் பிடிக்கத்தான் வருகிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

ரோந்துப் படகு அன்றைக்கு வந்ததா என்று கேட்டேன். அது வேறொரு நாள், மண்டபத் துறையில் எடுத்த ஷாட் என்றார். அந்தப் பெண்ணிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் கைபேசியில் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “அன்றைக்கு நான் படகைப் பார்க்கவில்லை தம்பி. மழை வருமா என்று மேகத்தைப் பார்த்தேன். மழை வந்துவிட்டால் கரையில் காயும் பாசி முழுக்க நனைந்துவிடும்.”

அதே நாளில் எடுத்த மேகம் ஒன்று, கேமராவைச் சரிபார்க்கும்போது தற்செயலாகப் பதிவானது, பதினோரு நொடி, அந்த இளைஞரிடமே இருந்தது. ரோந்துப் படகை எடுத்துவிட்டு அதை வைத்தோம். பார்வை சற்று மேலே போயிருந்ததற்கான காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.